பனி காயும் நேரத்தைக் கவனியுங்கள்



தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும் என்பார்கள். மேலூர், வாடிப்பட்டிப் பக்கம் பெரியவர்களிடம் பேச்சுக் கொடுத்தால், "அந்தக் காலத்துப் பனி இப்ப எங்கேங்க பெய்யுது?" என்கிறார் ஒருவர். "இப்பத்தான் ஜாஸ்தி" என்கிறார் பக்கத்திலிருப்பவர். இரண்டுக்கும் காரணம் உண்டு.

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்ததும் மண்ணில் ஈரம் இருக்கும். வானம் தெளிந்து, காற்று அசையாத இரவில் தரை சீக்கிரம் குளிர்ந்துவிடும். காற்றிலுள்ள நீராவி இலையில் படிந்தால் பனித்துளி. தரையை ஒட்டி மிதந்தால் மூடுபனி. இரவில் வெப்பம் கூடக்கூட இது குறையும். புகையும் தூசியும் பெருகினால் மூடுபனி அடர்த்தியாகும். கங்கைச் சமவெளியில் அது அதிகரித்ததற்குப் புகையும் ஒரு காரணம். 2018 போகியன்று சென்னையில் புகையும் பனியும் சேர்ந்து விமானங்களே தாமதமாயின.

ஆனால் பயிருக்குப் பனி எவ்வளவு பெய்தது என்பதைவிட, இலை எத்தனை மணிக்குக் காய்ந்தது என்பதுதான் முக்கியம். நெல்லில் குலைநோய்ப் பூஞ்சாணம் முளைக்க இலையில் ஈரம் நிற்க வேண்டும். இரவு வெப்பம் 20 டிகிரியை ஒட்டி இருந்து, இலை 10 மணி நேரத்துக்கு மேல் நனைந்தே கிடந்தால் அதற்குக் கொண்டாட்டம். நடுவில் சாம்பல் நிறமும் ஓரத்தில் பழுப்புமாகக் கண் வடிவப் புள்ளி விழும். அதுவே கதிரின் கழுத்தில் விழுந்தால் மணியெல்லாம் பதர். அப்புறம் மருந்தடித்து என்ன செய்ய?

ஆகவே காலை 9 மணியாகியும் இலை காயவில்லை என்று நாலைந்து நாள் தொடர்ந்து கண்டால், தினமும் வயலில் இறங்கிப் பாருங்கள். "பயிர் கருகருன்னு நிக்கணும்" என்று அந்தச் சமயத்தில் யூரியாவை அள்ளிப் போடாதீர்கள். தழைச்சத்து மிஞ்சினால் குலைநோய் பாயும். மருந்து தெளிப்பதானால் பனி காய்ந்த பிறகே தெளியுங்கள். ஈர இலையில் அடித்தால் வழிந்து போகும். அடுத்த போகத்துக்கு ஒரு கிலோ விதைக்கு 10 கிராம் சூடோமோனாஸ் கலந்து நேர்த்தி செய்யுங்கள்.

மல்லிக்குப் பனிக்காலம் ஆகாது. பொங்கலுக்கு விலை ஏறும். செடியில் பூ இருக்காது. நவம்பர் கடைசியில் கவாத்து செய்தவர்கள் பங்குனிப் பூவுக்குக் காத்திருக்கலாம். நத்தம், அலங்காநல்லூர் மாந்தோப்புக்காரர்கள் பூங்கொத்தில் வெள்ளைப் பொடி தெரிந்தால் அது சாம்பல் நோய் என்று அறியவும். லிட்டருக்கு 2 கிராம் நனையும் கந்தகம் போதும்.

மார்கழி முதல் தேதியிலிருந்து, இலை காய்ந்த நேரத்தை வீட்டுக் காலண்டரில் தினமும் குறித்து வையுங்கள். தாளைக் கிழித்துப் போடாமல் ஐந்தாறு வருஷம் சேர்த்தால், பனி கூடுதா குறையுதா என்பதை உங்கள் வயல் கணக்கிலேயே பார்த்துக்கொள்ளலாம்.