பிஎச்.டி. பண்ண ஆசையா? புளியந்தோப்பிலிருந்தே தொடங்கலாம்... எப்படி?

டிகிரி முடிச்சாச்சு. அடுத்து ஐ.டி. வேலையா, அரசுத் தேர்வா? வடசென்னையில் குடும்பத்தின் முதல் பட்டதாரியாக இருப்பவரிடம் பெரும்பாலும் இந்த இரண்டு கேள்விகள்தான் கேட்கப்படும். 'ஆராய்ச்சி பண்ணப் போறேன்' என்று சொன்னால், 'அதுக்கெல்லாம் யாரு காசு கொடுப்பா?' என்பதுதான் வீட்டில் வரும் முதல் பதில்.

காசு உண்டு, வழியும் உண்டு. ஆனால் இரண்டுக்கும் முன்னால் தேவைப்படுவது ஒரு நல்ல கேள்வி. அது உங்கள் தெருவிலேயே இருக்கலாம்.

தலைப்பு வேறு, கேள்வி வேறு

'வடசென்னையின் வரலாறு' என்பது தலைப்பு. அதை வைத்து பத்து பிஎச்.டி. பண்ணலாம், ஒன்றைக்கூட முடிக்க முடியாது.

1921-ல் பக்கிங்ஹாம் - கர்நாட்டிக் மில்லில் பெரிய வேலைநிறுத்தம் நடந்தது. ஆதி திராவிடத் தொழிலாளர்கள் பலர் வேலைக்குத் திரும்ப, புளியந்தோப்பில் மோதல் வெடித்தது. குடிசைகள் எரிந்தன. போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. 'ஒரே மில்லில் வேலை பார்த்தவர்கள் ஏன் இரண்டாகப் பிரிந்தார்கள்?' இது கேள்வி. பதில் தேட முடியும், தப்பாகவும் போகலாம். அதனால்தான் அது ஆராய்ச்சி.

இந்தக் காலகட்டத்தை ஆராய்ந்தவர்களில் முக்கியமானவர் சென்னை ஐ.ஐ.டி.யின் திலீப் வீரராகவன். பார்வையை இழந்தவர். ஆவணங்களை மற்றவர்கள் வாசிக்கக் கேட்டே ஆய்வை முடித்தார். அவர் எடுத்துக்கொண்ட எல்லை: சென்னை நகரமும் சுற்றுப்புறமும், தொழிலாளர் இயக்கம், 1918 முதல் 1939 வரை. இடம், பொருள், காலம் என மூன்றுக்கும் வேலி போட்டுவிட்டார். அவர் மறைந்தபின், 2013-ல் அந்த ஆய்வு ஆங்கிலத்தில் நூலாக வந்தது.

ஆராய்ச்சியில் அப்படி என்னதான் செய்வாங்க?

ஒரே சம்பவத்தை நாலு பேர் எப்படிச் சொல்கிறார்கள் என்று பார்ப்பார்கள். 1921-ஐப் பற்றி அரசு ஆவணங்கள் ஒன்று சொல்லும். அன்றைய செய்தித்தாள்கள் இன்னொன்று சொல்லும். தொழிற்சங்கத் தலைவராக இருந்த திரு.வி.க. தன் வாழ்க்கைக் குறிப்புகளில் தன் பார்வையைத் தருவார். ஆதி திராவிடர் தலைவர் எம்.சி.ராஜாவின் வாதம் வேறு. இவை மூல ஆதாரங்கள். இவற்றை வைத்து மற்றவர்கள் பின்னால் எழுதியவை இரண்டாம் நிலை ஆதாரங்கள்.

யார் எழுதியது, யாருக்காக எழுதியது, எதைச் சொல்லாமல் விட்டது? இந்த மூன்றையும் கேட்கப் பழகுவதுதான் பயிற்சியின் பாதி.

பழைய விஷயம்தான் எடுக்கணும் என்றில்லை. 2021-ல் புளியந்தோப்பு கே.பி. பார்க் அடுக்குமாடிக் குடியிருப்பில் கை வைத்தாலே சுவர்ப் பூச்சு உதிர்ந்தது செய்தியானது. செய்தி அத்துடன் முடிந்துவிடும். மறுகட்டுமானத்துக்காக வெளியே போன குடும்பங்களின் வேலை, பிள்ளைகளின் படிப்பு என்ன ஆனது என்று கேட்டால், அங்கே ஆராய்ச்சி தொடங்குகிறது. அந்தக் கதவுகளைத் தட்டுவது உள்ளூர்க்காரருக்குச் சுலபம். தெரிந்தவர்கள் சொல்வதை அப்படியே நம்பிவிடும் ஆபத்தும் அவருக்குத்தான் அதிகம்.

எங்கே தேடுவது?

முதலில் போன். 'சோத்கங்கா' தளத்தில் இந்தியப் பல்கலைக்கழகங்களின் ஆய்வேடுகளை இலவசமாகப் படிக்கலாம். உங்கள் கேள்வியை ஏற்கெனவே யாராவது கேட்டுவிட்டார்களா என்று பார்க்க இதுதான் முதல் இடம்.

அடுத்து எழும்பூர். தமிழ்நாடு ஆவணக் காப்பகமும் கன்னிமாரா நூலகமும் அங்கேதான். காப்பகத்தில் ஆவணங்களைப் பார்க்க முன்அனுமதி வேண்டும். பழைய தமிழ் நூல்கள், இதழ்களுக்கு தரமணி ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம்.

யார் விண்ணப்பிக்கலாம்?

யு.ஜி.சி.யின் 2022 விதிகள்படி, முதுகலையில் 55% மதிப்பெண் வேண்டும். நான்காண்டு இளங்கலை முடித்தவர்கள் 75% இருந்தால் முதுகலை இல்லாமலே விண்ணப்பிக்கலாம். எஸ்.சி., எஸ்.டி., ஓ.பி.சி. (கிரீமி லேயர் அல்லாதோர்), மாற்றுத்திறனாளிகள், பொருளாதாரத்தில் நலிந்த பிரிவினருக்கு 5% தளர்வு உண்டு. எம்.ஃபில். இப்போது கிடையாது. மூன்றாண்டு பி.ஏ., பி.எஸ்சி. முடித்தவர் என்றால் எம்.ஏ., எம்.எஸ்சி.தான் முதல் படி.

2024 முதல் 'நெட்' தேர்வு மதிப்பெண்ணை வைத்தே பிஎச்.டி. சேர்க்கை நடத்தலாம். ஜே.ஆர்.எஃப். கிடைக்காமல் பிஎச்.டி.க்கு மட்டும் தகுதி பெற்றவர்களுக்கு நெட் மதிப்பெண்ணுக்கு 70%, நேர்முகத் தேர்வுக்கு 30% வெயிட்டேஜ். இந்த மதிப்பெண் ஓராண்டுக்குத்தான் செல்லும். ஐ.ஐ.டி. போன்ற நிறுவனங்கள் தனி நடைமுறை வைத்திருக்கின்றன.

ஒரு சிக்கல்: மொழிப்பாடங்கள் தவிர நெட் கேள்வித்தாள் ஆங்கிலம், இந்தியில் மட்டுமே. தமிழ்வழியில் படித்தவர்கள் பாடச் சொற்களை ஆங்கிலத்திலும் பழகிக்கொள்வது நல்லது. யு.ஜி.சி. நெட்டில் தப்பான பதிலுக்கு மைனஸ் மார்க் இல்லை என்பது ஆறுதல்.

சரி, காசு?

நெட்டில் ஜே.ஆர்.எஃப். கிடைத்தால் முதல் இரண்டு ஆண்டுகள் மாதம் ₹37,000, பிறகு ₹42,000. வீட்டு வாடகைப்படி தனி. இதற்குப் பொது வயது வரம்பு 30. பெண்கள், எஸ்.சி., எஸ்.டி., ஓ.பி.சி. உள்ளிட்டோருக்கு 5 ஆண்டுகள் தளர்வு.

வெளிநாடு போக நினைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அமெரிக்காவில் முதுகலைக்குப் பெரும்பாலும் நாம்தான் பணம் கட்டணும். பிஎச்.டி.க்கு பல பல்கலைக்கழகங்கள் கட்டணத்தை ஏற்று, உதவித்தொகையும் தருகின்றன. விண்ணப்பக் கட்டண விலக்கு கேட்கவும் பல இடங்களில் வழி உண்டு. கடன் வாங்கும் முன் இதை விசாரித்துவிடுங்கள்.

விண்ணப்பத்தில் எங்கே சொதப்புறாங்க?

நோக்க அறிக்கையை, அதாவது எஸ்.ஓ.பி.யை, 'சின்ன வயசுலேர்ந்தே ஆராய்ச்சின்னா உயிர்' என்று தொடங்குவது. தேர்வுக்குழு தேடுவது அதை அல்ல. உங்கள் கேள்வி என்ன, அதைப் பற்றி என்ன படித்திருக்கிறீர்கள், எந்த ஆதாரத்தை வைத்துப் பதில் தேடுவீர்கள், ஏன் இந்தத் துறையில் சேர வேண்டும் என்பதைத்தான்.

பேராசிரியர்களுக்கு மொத்தமாக ஒரே மெயில் அனுப்புவது அடுத்த தப்பு. அவருடைய ஒரு கட்டுரையையாவது படித்துவிட்டு, அதில் எழுந்த ஒரு கேள்வியோடு பத்து வரியில் எழுதுங்கள்.

பரிந்துரைக் கடிதத்தைக் கடைசி நாளில் கேட்பது மூன்றாவது. குறைந்தது ஒரு மாதம் முன்பே கேளுங்கள். உங்கள் வகுப்புக் கட்டுரை, எஸ்.ஓ.பி. வரைவு இரண்டையும் கையில் கொடுங்கள். நூறு பேர் படித்த வகுப்பில் உங்களை அவருக்கு நினைவிருக்கணும் என்று எதிர்பார்க்க முடியாது.

இந்த வாரம் செய்யக்கூடிய வேலை ஒன்று உண்டு. உங்கள் கேள்வியை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள். வீட்டில் படித்துக் காட்டுங்கள். 'இதைக் கண்டுபிடிச்சு என்ன ஆகப்போவுது?' என்று கேட்பார்கள். அதற்கு நீங்கள் சொல்லும் பதிலை எழுதி வையுங்கள். எஸ்.ஓ.பி.யின் முதல் பத்தி ஏறக்குறைய ரெடி.