மாமன் சீரும் விசில் அடிக்காத குக்கரும்

உங்கள் வீட்டுப் பரணில் இப்போது எத்தனை சுவர்க் கடிகாரங்கள் இருக்கின்றன? கூச்சப்படாமல் எண்ணிச் சொல்லுங்கள். சமீபத்தில் கல்யாணம் நடந்த வீடாக இருந்தால் மூன்றுக்குக் குறையாது. கூடவே இரண்டு ஹாட்பாக்ஸ், ஒரே மாதிரியான நாலு டின்னர் செட், காகிதம்கூடப் பிரிக்காத ஒரு மிக்ஸி!

"கடையிலே திருப்பிக் கொடுத்தால் என்ன?" என்று கேட்டுப் பாருங்கள். "ஐயையோ! கொடுத்தவர் என்ன நினைப்பார்?" என்று பதறுவார்கள். இந்தப் பதற்றம் கடிகாரத்தோடு போனால் சரி. ஆனால் சில சமயம் அது குடும்பத்துக்குள்ளேயே புகைச்சலைக் கிளப்பி விடுகிறது. நான் கண்ட ஒரு சமாசாரத்தைக் கேளுங்கள்.

பூந்தமல்லியைத் தாண்டிக் குத்தம்பாக்கத்தில் எனக்கு வேண்டிய குடும்பம் ஒன்று இருக்கிறது. கல்யாணமாகிப் பத்தாம் நாள் போயிருந்தேன். புது மருமகள் சமையல் அறையில் குக்கரோடு மல்லுக்கு நின்றுகொண்டிருந்தாள். மூடியைச் சுற்றிலும் ஆவி கசிகிறதே தவிர, விசில் வருகிற வழியாய் இல்லை. கூடத்திலிருந்து மாமியார் குரல் கொடுத்தார்: "உங்க மாமன் சீர் இன்னும் வாயைத் திறக்கலையா?"

பெண்ணின் கண் கலங்கிவிட்டது. அந்தக் குக்கர் அவளுடைய தாய்மாமன் வாங்கிக் கொடுத்தது. தினக்கூலி வேலை செய்கிறவர். மிச்சம் பிடித்த பணத்தில், பூந்தமல்லிக் கடைவீதியில் நல்லதாகப் பார்த்து வாங்கியிருந்தார். தப்பு செய்தது பொருள். ஏச்சு வாங்கியது மாமன்!

"மாமாவிடம் பில்லைக் கேட்கக் கூடாதா, அம்மா?" என்றேன்.

"எப்படிங்க கேக்கிறது? கொடுத்ததைக் குத்தம் சொல்றேன்னு நினைச்சுக்குவாரே!"

நேயர்களே, நம்மில் பலர் தடுக்கி விழுகிற இடம் இதுதான். பரிசுப் பொருள்களில் இரண்டு ரகம் உண்டு. அந்த இரண்டையும் நாம் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம்.

முதல் ரகம், நன்றாக இருக்கிறது. ஆனால் நமக்கு வேண்டாம். மூன்றாவது கடிகாரமும், பிடிக்காத நிறத்துப் புடவையும் இந்த ஜாதி. கடையில் வாங்கிய இதைத் திரும்ப எடுத்துக்கொள்ளும்படி கடைக்காரரைச் சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. மாற்றித் தருவதாக அவரே பில்லில் அச்சடித்திருந்தால் அந்த வாக்கை அவர் காப்பாற்ற வேண்டும். இல்லாவிட்டால் அவருடைய தயவுதான். ஆகையால் பெட்டி கலையாமல், விலைச் சீட்டு கிழியாமல், சீக்கிரமாகக் கொண்டு போய், பக்குவமாகக் கேளுங்கள். பணத்துக்குப் பதில் வேறு பொருள் எடுத்துக்கொள்ளச் சொன்னால் மறுக்காதீர்கள்.

இரண்டாவது ரகம், பொருளே பழுது. இங்கே தயவு என்ற பேச்சுக்கே இடமில்லை, இது உரிமை. 1986-இல் வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தை மாற்றி 2019-இல் புதுச் சட்டம் இயற்றினார்கள். அது 2020 ஜூலை 20 முதல் அமலுக்கு வந்தது. பழுதான பொருளைத் திரும்பப் பெற்றுப் பணம் தர மறுப்பது நியாயமற்ற வணிக நடைமுறை என்று அது சொல்கிறது. பில்லில் கெடு போட்டிருந்தால் அந்தக் கெடுவுக்குள். போடாவிட்டால் 30 நாளுக்குள். 'விற்ற பொருள் வாபஸ் பெறப்பட மாட்டாது' என்று எத்தனை பெரிய எழுத்தில் பலகை தொங்கினாலும் இந்த உரிமை போய்விடாது. பில் கொடுக்க மறுப்பதும் அதே குற்றத்தில் சேர்த்திதான்.

"வாங்கியவர் மாமா, கேட்க நான் யார்?" என்று அந்தப் பெண் கேட்டாள். நல்ல கேள்வி! விலை கொடுத்தவர் மட்டுமல்ல, அவருடைய சம்மதத்தோடு பொருளை உபயோகிக்கிறவரும் நுகர்வோரே என்று சட்டம் சொல்கிறது. மாமா மனமுவந்து கொடுத்த சீருக்கு இதைவிடச் சம்மதம் வேண்டுமா?

அன்றே மாமாவுக்குப் போன் போட்டோம். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "முதல் நாளே சொல்லியிருக்கக் கூடாதாம்மா?" என்று வருத்தப்பட்டார். மறுநாள் பில்லும் கையுமாக வந்துவிட்டார்.

கடையில் எதிர்பார்த்தபடியே பலகையைக் காட்டினார்கள். பிறகு, "அதே விலைக்கு வேறே ஏதாவது எடுத்துக்குங்க" என்றார்கள். மாமா அசையவில்லை. குக்கரில் தண்ணீர் ஊற்றி அங்கேயே அடுப்பில் வைத்துக் காட்டச் சொன்னார். ஆவி கசிந்தது, கடைக்காரரின் பிடிவாதமும் கரைந்தது. பில்லில் இருந்த தொகையை முழுசாக எண்ணிக் கொடுத்தார். திருப்பித் தரும் பணத்துக்குக் கணக்கு அந்தப் பில்தான். இன்றைக்கு விலை இறங்கிவிட்டது என்று குறைத்துக் கொடுத்தால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

கடைக்காரர் மசியாமல் இருந்திருந்தால்? அதற்கும் வழி இருக்கிறது. 1915 என்ற எண்ணுக்குப் போன் செய்தால் தேசிய நுகர்வோர் உதவி மையத்தில் புகாரைப் பதிவு செய்துகொள்வார்கள். அதிலும் தீராவிட்டால், குத்தம்பாக்கத்துக்காரர்களுக்குத் திருவள்ளூரில் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் இருக்கிறது. தியாகராய நகரில் வாங்கிய பொருளானாலும், நீங்கள் குடியிருக்கிற மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். பொருளின் விலை 5 லட்ச ரூபாய் வரை கட்டணம் கிடையாது. வக்கீல் வைத்தே தீர வேண்டும் என்பதும் இல்லை. குறை ஏற்பட்டதிலிருந்து 2 வருஷத்துக்குள் போக வேண்டும். அவ்வளவுதான்.

பரிசு கொடுக்கப் போகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. குக்கர், மிக்ஸி என்று வாங்கினால், உத்தரவாத அட்டையில் கடை முத்திரையும் தேதியும் போட்டு வாங்குங்கள். குக்கரில் ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். 2021 முதல் அது கட்டாயம். பிறகு பில்லை ஒரு சிறு உறையில் போட்டுப் பெட்டிக்குள்ளேயே வைத்துவிடுங்கள். விலை தெரிந்துவிடுமே என்று வெட்கப்படாதீர்கள். பழுதான பொருளுக்காக உங்கள் பெயர் அடிபடுவதைவிட அது மேல் அல்லவா?

குத்தம்பாக்கத்து மாமா அந்தப் பணத்தில் வேறு கடையில், முத்திரை பார்த்து, இன்னொரு குக்கர் வாங்கித் தந்தார். அன்று மத்தியானம் அவரையும் உட்கார்த்தி வைத்துச் சமையல் நடந்தது. விசில் கணீரென்று கேட்டது. கூடத்திலிருந்து மாமியார் குரல் கொடுத்தார்:

"மூணு விசில் வந்தாச்சு, அடுப்பை அணைச்சுட்டு வாம்மா. மாமாவுக்கு இலை போடணும்."