ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிய ரோஸ்டர்

மெல்போர்னுக்குத் தென்கிழக்கே கிளேட்டன். மொனாஷ் பல்கலைக்கழக வளாகத்துக்கு நடந்தே போய்விடக்கூடிய தூரத்தில் ஒரு பழைய செங்கல் கட்டடம். அதன் பின்பக்கம் ஒற்றைப் படுக்கையறை யூனிட். போன ஜூலையில் இரண்டு நாள் அங்கே தங்கினேன். உள்ளே நுழைந்ததும் கண்ணில் பட்டது, ஃபிரிட்ஜ் கதவில் காந்தம் வைத்து ஒட்டியிருந்த ஒரு தாள். ஏழு நாளுக்கு ஏழு கட்டம். சிவப்பு மையில் மனைவியின் வகுப்பும் வேலையும். நீல மையில் கணவரின் வேலை. இரண்டு நிறமும் படாமல் இருவரும் விழித்திருக்கும் வெள்ளை இடம் எங்காவது இருக்கிறதா என்று விரல் வைத்துத் தேடினேன். காலை அவசரத்தின் சில நிமிடங்கள் போக, செவ்வாய்க்கிழமை சாயங்காலம் மூன்று மணி நேரம் கிடைத்தது. அவ்வளவுதான்.

கோயம்புத்தூர்க்காரர்கள். கல்யாணமாகி நான்கு வருடம். மனைவி டேட்டா சயின்ஸில் மாஸ்டர்ஸ் படிக்கிறார். கணவர் அவருடன் வந்தவர். மனைவி வேலை முடித்து வீடு திரும்பும்போது இரவு பத்து மணி. கணவருக்கு முதியோர் இல்லத்தில் இரவு ஷிப்ட், பத்தரைக்குத் தொடங்கும். இருப்பது ஒரே ஒரு பழைய கார். ஆகவே பெரும்பாலான நாட்களில் பத்து மணிக்கு வாசலில் கார் சாவி கைமாறுகிறது. "சாப்பிட்டீங்களா?" "சாப்ட்டேன். மழையா இருக்குது, பாத்துப் போங்க." காலை ஏழு மணிக்கு மேல் கணவர் திரும்பி வருகிறார். எட்டு மணிக்கு மனைவி கிளம்புகிறார். நடுவில் உள்ள நேரத்தில்தான் வாடகை, மின் கட்டணம், ஊரிலிருந்து வந்த சேதி எல்லாம் பேசித் தீர்க்க வேண்டும்.

மீதிப் பேச்சு வாட்ஸ்அப் குரல் செய்தியாக நடக்கிறது, ஒரே வீட்டுக்குள். அவர்கள் அனுமதியோடு ஒன்றைக் கேட்டேன். "மாவு ஓவனுக்குள்ள இருக்குதுங் மாமா. லைட்ட அணைச்சுப்புடாதீங்க." ஜூலைக் குளிரில் மெல்போர்னில் இட்லி மாவு பொங்காது. ஓவனைச் சூடாக்காமல் விளக்கை மட்டும் எரியவிட்டு, அந்த மஞ்சள் வெளிச்சத்தின் கதகதப்பில் ராத்திரி முழுக்க மாவுப் பாத்திரத்தை வைப்பது அங்குள்ள தமிழ் வீடுகளில் பழகிப்போன ஒன்று. மாவு பொங்கிவிடுகிறது. அந்த இட்லியை இருவரும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுவதுதான் நடப்பதில்லை.

இதற்கெல்லாம் காரணம் இவர்களின் பேராசை என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. மாணவர் விசாவில் இருப்பவர், வகுப்பு நடக்கும் காலத்தில் இரண்டு வாரத்துக்கு 48 மணி நேரம்தான் வேலை பார்க்கலாம். 2023 ஜூலை 1 முதல் இதுதான் விதி. மாஸ்டர்ஸோ முனைவர் பட்டமோ படிப்பவரின் கணவன் அல்லது மனைவிக்கு மட்டும் இந்த மணிக்கணக்கு இல்லை, எவ்வளவு வேண்டுமானாலும் உழைக்கலாம். ஆகவே உடன் வந்தவரின் தோளில்தான் குடும்பம் ஏறி உட்காருகிறது. குறைந்தபட்சக் கூலி 2025 ஜூலையில் மணிக்கு 24.95 டாலர் ஆனது. நிரந்தரமில்லாத வேலை என்றால் அதற்கு மேல் கால் பங்கு கூடும். பல தொழில்களில் சனிக்கிழமை இன்னும் கூடும், ஞாயிற்றுக்கிழமை அதற்கும் மேல். வாடகையோ வாரக் கணக்கு. எனவே ஊரே கடற்கரைக்குப் போகும் ஞாயிற்றுக்கிழமையில் இந்தத் தம்பதிகள் ஆளுக்கொரு திசையில் நிற்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமையை வீட்டில் கழிக்க அவர்களுக்குக் கட்டுப்படியாகவில்லை.

பண்டிகையும் அப்படித்தான் போகிறது. தீபாவளி, இரண்டாம் செமஸ்டர் பரீட்சையும் அசைன்மென்ட்டும் நெருக்கும் நேரத்தில் வருகிறது. பொங்கல் ஜனவரியில், உச்சிக் கோடையில். அப்போது கல்லூரி விடுமுறை என்பதால் படிப்பவருக்கும் 48 மணி நேரக் கட்டுப்பாடு கிடையாது. கட்டுப்பாடு இல்லை என்றால் வேலைதான். போன பொங்கலன்று இந்த வீட்டில் அடுப்பே பற்றவைக்கவில்லை. கேரம் டவுன்ஸ் சிவா விஷ்ணு கோயிலில் கிடைத்த சர்க்கரைப் பொங்கலில் பாதியை ஒரு டப்பாவில் போட்டு, மற்றவருக்கென்று ஃபிரிட்ஜில் வைத்திருந்தார்கள்.

அம்மாவின் ஃபோனுக்குக்கூட நேரம் ஒத்துவருவதில்லை. குளிர்காலத்தில் மெல்போர்ன் நம்மைவிட நான்கரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. அக்டோபர் முதல் ஞாயிறு தொடங்கி ஏப்ரல் முதல் ஞாயிறு வரை ஐந்தரை மணி நேரம். கோவை பீளமேட்டில் இரவுச் சாப்பாடு முடித்து எட்டு மணிக்கு அம்மா கூப்பிட்டால், கோடையில் அங்கே பின்னிரவு ஒன்றரை. மகன் அப்போது யாரோ ஒரு தொண்ணூறு வயதுப் பெரியவரைப் படுக்கையில் ஒருக்களித்துப் படுக்க வைத்துக்கொண்டிருப்பார்.

டாண்டெனாங்கில் மளிகைக் கடை வைத்திருக்கும் யாழ்ப்பாணத்துப் பெரியவர் ஒருவர்தான் இதை முதலில் கவனித்தவர். கறிவேப்பிலை வாங்கப் போன கணவரிடம், "என்ன தம்பி, ரெண்டு பேரையும் ஒண்டாக் கண்டு கனகாலம்" என்றாராம். வீட்டுக்கு வந்து நாள் எண்ணிப் பார்த்திருக்கிறார். இருவரும் சேர்ந்து கடைக்குப் போய் ஐந்து மாதம் ஆகியிருந்தது. 2021 கணக்கெடுப்பின்படி வீட்டில் தமிழ் பேசுவோர் ஆஸ்திரேலியாவில் சுமார் 95 ஆயிரம் பேர். அவர்களில் பலர் ஈழத்திலிருந்து வேறு வகைத் துயரத்தோடு வந்து வேர்பிடித்தவர்கள். அடுத்த வீட்டில் என்ன நடக்கிறது என்று கேட்கும் பழக்கத்தை அவர்கள் இன்னும் விடவில்லை. நல்ல பழக்கம்.

இதுவரை சொன்னதெல்லாம் நேரத்தின் கஷ்டம். கல்லூரி முடிந்தால் அது தீரும். எனக்குத் தூக்கம் வராமல் செய்தது வேறொன்று.

விசாவுக்குக் காட்ட வேண்டிய பணத்தின் கணக்கைப் பாருங்கள். 2024 மே 10 முதல், படிக்கப் போகிறவரின் ஒரு வருட வாழ்க்கைச் செலவுக்கு 29,710 டாலர் காட்ட வேண்டும். கல்லூரிக் கட்டணமும் விமானச் செலவும் தனி. உடன் வரும் கணவனுக்கோ மனைவிக்கோ 10,394 டாலர் போதும். ஒரே கூரையின் கீழ் இருப்பவர்களுக்குச் செலவு குறையும் என்ற நியாயம் எனக்குப் புரிகிறது. ஆனால் அந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது, உடன் வந்தவர் மூன்றில் ஒரு ஆளாகத்தான் எண்ணப்படுகிறார் என்று மனம் சொன்னது. நம் வீடுகளிலும் அதே எண்ணம் இருப்பதுதான் என் பயம். போகிறவர் என்ன படிக்கப் போகிறார், எந்தப் பல்கலைக்கழகம், எவ்வளவு கடன் என்று மாதக்கணக்கில் பேசுகிறோம். கூடப் போகிறவரைப் பற்றி ஒரே வரிதான்: "டிபெண்டன்ட்ல போறாங்க."

இந்த வீட்டுக் கணவர் பம்ப் தயாரிக்கும் தொழிற்சாலையில் எட்டு வருடம் வடிவமைப்புப் பொறியாளர். கோவையில் பம்ப் என்பது வெறும் இயந்திரம் இல்லை, அது ஒரு குலத்தொழில் மாதிரி. அவரேதான் முதலில் படிக்கப் போவதாக இருந்தது. 2024 ஜூலை முதல், படிப்புக்குப் பின் வேலை பார்க்கத் தரும் 485 விசாவுக்கு 35 வயதைத் தாண்டக் கூடாது என்று விதி வந்தது. ஆராய்ச்சிப் படிப்புக்காரர்களுக்கு விலக்கு உண்டு, இவர் யோசித்த சாதாரண மாஸ்டர்ஸுக்கு இல்லை. அப்போது அவருக்கு 34. இரண்டு வருடப் படிப்பை முடித்தால் 36. மனைவிக்கு 29. உட்கார்ந்து பேசினார்கள். "நீ படி, நான் பாத்துக்கறேன்" என்றார். எவ்வளவு பெரிய சொல் அது! மனைவிக்காகக் கணவன் பின்னால் நின்ற கதை நம் ஊரில் எத்தனை வீட்டில் நடந்திருக்கும்? அவர் அப்பாவோ உறவுக்காரர்களிடம் "பையன் அங்க இன்ஜினீயரா இருக்கான்" என்றே சொல்லிக்கொண்டிருக்கிறார். மறுக்க இவருக்கும் மனம் வரவில்லை.

முதியோரைக் கவனிக்கும் வேலையில் குறை ஒன்றும் இல்லை. அது புண்ணியம் சேர்க்கும் வேலை, அவரும் அதை மனதாரச் செய்கிறார். ஒரு நாள் அதிகாலையில், அந்த இல்லத்தின் தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சும் பம்பில் ஒரு கிரீச்சொலி. பேரிங் போய்விட்டது, இன்னும் இரண்டு நாளில் நின்றுவிடும் என்று பராமரிப்பு ஆளிடம் சொல்லியிருக்கிறார். அதேபோல் நின்றது. "உனக்கு எப்படித் தெரிந்தது?" என்று அந்த ஆள் கேட்டதற்கு, "ஊரில் எங்கள் வீட்டில் ஒரு பம்ப் இருந்தது" என்று சொல்லிவிட்டாராம். இதை என்னிடம் சொன்னபோது அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

இவரைப் பற்றியாவது எழுதத் தோன்றுகிறது, ஆண் என்பதால். கணவனின் படிப்புக்காகக் கூடவே போன பெண்களை யார் எண்ணுகிறார்கள்? சிட்னியில் வென்ட்வொர்த்வில், பென்டில் ஹில் பக்கம் நான் சந்தித்தவர்களில் ஒருவர் பல் மருத்துவர், ஒருவர் வங்கி அதிகாரி, ஒருவர் பள்ளியில் இயற்பியல் சொல்லிக்கொடுத்தவர். ஹோட்டல் அறை சுத்தம் செய்வதும், கிடங்கில் பெட்டி அடுக்குவதுமாக நாட்கள் போகின்றன. குழந்தை பிறந்துவிட்டால் அதுவும் நின்றுவிடுகிறது. அரசு தரும் குழந்தைக் காப்பக மானியம் வெளிநாட்டு மாணவர் குடும்பங்களில் பெரும்பாலானோருக்குக் கிடையாது. முழுக் கட்டணமும் கையிலிருந்து கட்ட வேண்டும், ஒரு நாளைக்கு 100 டாலருக்கு மேல். சம்பாதிப்பதை அப்படியே கொடுப்பதைவிட வீட்டில் இருப்பதே மேல் என்று முடிவாகிறது. அந்த முடிவை எடுப்பது எப்போதும் பெண்தான்.

இரண்டு மூன்று வருடக் கஷ்டம்தானே, தாண்டி வந்து வீடு வாங்கி நிம்மதியாக இருப்பவர்கள் ஆயிரக்கணக்கில் இல்லையா என்று கேட்பார்கள். இருக்கிறார்கள். அவர்களில் எத்தனை வீட்டில் இரண்டு பேரும் தாம் படித்த வேலைக்குத் திரும்பினார்கள் என்பதுதான் என் கேள்வி.

இதில் ஒரு விசித்திரம் உண்டு. நிரந்தர வசிப்புரிமைக்கான மதிப்பெண் முறையில், துணைவருக்கும் தகுதி மதிப்பீடு முடிந்த தொழிலும் ஆங்கிலத் தேர்ச்சியும் இருந்தால் 10 மதிப்பெண். ஆங்கிலம் மட்டும் என்றால் 5. ஒன்றும் இல்லை என்றால் பூஜ்யம். மணமாகாத தனியாளுக்கு எதுவும் காட்டாமலே 10! இரண்டு வருடம் யாருமே கேட்காத கணவரின் படிப்பு, கடைசிக் கட்டத்தில் திடீரென்று குடும்பத்துக்கே தேவைப்படுகிறது. அதற்குள் பழைய கம்பெனியிலிருந்து அனுபவக் கடிதம் வாங்குவது பாடாகிவிடும். பாடப் புத்தகம் மறந்திருக்கும். ராத்திரி ஷிப்ட் முடித்து வந்த கண்ணோடு ஆங்கிலப் பரீட்சைக்குப் படிக்க முடியாது. கூடப் போகிறவர் ஊரை விட்டுக் கிளம்பும் முன்பே சான்றிதழ், அனுபவக் கடிதம், தகுதி மதிப்பீட்டுக்கான வேலைகள் எல்லாவற்றையும் தொடங்கிவிட வேண்டும். கல்விக் கடனுக்குக் கையெழுத்துப் போடும் பெற்றோர், உடன் போகும் பிள்ளையிடமும் மருமகளிடமும் "நீ அங்கே என்ன செய்யப் போகிறாய்?" என்று ஒரு முறை கேட்க வேண்டும். இதை நான் மன்றாடியே கேட்கிறேன்.

கிளேட்டன் வீட்டுக்கு இரண்டு மாதம் கழித்து ஃபோன் செய்தேன். ஃபிரிட்ஜ் தாளில் மூன்றாவதாகப் பச்சை நிறம் வந்திருக்கிறதாம். வாரத்தில் ஒரு இரவு ஷிப்ட்டை விட்டுவிட்டார் கணவர். அந்த இரவில் தகுதி மதிப்பீட்டுக்காகத் தன் வேலை அனுபவத்தை மூன்று அத்தியாயங்களாக ஆங்கிலத்தில் எழுதுகிறார். படிப்பிலிருந்து திரும்பியதும் மனைவி பிழை திருத்துகிறார். எழுதியதில் 'நாங்கள் வடிவமைத்தோம்', 'நாங்கள் சோதித்தோம்' என்றே வந்துகொண்டிருந்ததாம். அப்படி எழுதக் கூடாது, அவர் தனியாகச் செய்ததைத்தான் சொல்ல வேண்டும் என்பது அந்த மதிப்பீட்டில் விதி. "ஒவ்வொரு பக்கத்துலயும் 'நாங்கள்'ங்கறத அடிச்சுட்டு 'நான்'னு போட வெச்சேன்" என்றார் மனைவி. முதல் அத்தியாயம் முடிந்துவிட்டது. ஆழ்துளைக் கிணற்றுப் பம்ப் ஒன்றின் இம்பெல்லரைப் பற்றியது அது.