லடாக்கில் மட்டும் ஏன் சிவப்பு?

2024 மே 10ஆம் நாள் இரவு, விடிவதற்கு முன், லடாக்கின் ஹான்லேயில் வானைப் படம்பிடிக்கும் கேமராக்களில் வடக்கு அடிவானம் சிவந்து பதிவாகியது. அது துருவ ஒளி. அந்தப் படத்தை ஒன்பதாம் வகுப்பில் காட்டியபோது ஒரு மாணவி கேட்டாள்: "நார்வேல பச்சையாத்தானே சார் தெரியும்? இங்க மட்டும் ஏன் சிவப்பு?" 'தூரம்தான் காரணம்' என்று சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விட்டேன். சொன்னது தவறில்லை; ஆனால் அது விளக்கமும் இல்லை.

சூரியனிலிருந்து எலக்ட்ரான்களும் புரோட்டான்களும் எப்போதும் வெளியேறிக்கொண்டே இருக்கின்றன. இதுவே சூரியக் காற்று. நொடிக்குச் சுமார் 400 கி.மீ. வேகம். ஏறத்தாழ 11 ஆண்டுகளுக்கு ஒருமுறை சூரியப் புள்ளிகள் மிகும். அப்போது மின்துகள் திரள்கள் காந்தப்புலத்தையும் சுமந்துகொண்டு அடிக்கடி வெடித்துக் கிளம்பும். அந்த மே மாதத்தில் பல திரள்கள் அடுத்தடுத்துப் பூமியை வந்தடைந்தன.

'இத்துகள்கள் நேராகத் துருவங்களில் வந்து விழுகின்றன' என்று வகுப்பில் சொல்லிவிடுகிறோம். அப்படியல்ல. பெரும்பாலானவற்றைப் பூமியின் காந்தப்புலம் ஒதுக்கிவிடுகிறது. சூரியக் காற்று அந்தப் புலத்தை இரவுப் பக்கம் நீண்ட வாலாக இழுக்கிறது. வாலில் சேர்ந்த ஆற்றல் விடுபடும்போது எலக்ட்ரான்கள் முடுக்கம் பெற்று, காந்தவிசைக் கோடுகள் வழியே வளிமண்டலத்துக்குள் பாய்கின்றன. அதனால்தான் துருவ ஒளி காந்தத் துருவத்தைச் சுற்றி வளையமாக அமைகிறது. புயல் வலுத்தால் வளையம் நிலநடுக்கோட்டை நோக்கி விரியும்.

இனி நிறம். எலக்ட்ரான்களால் ஆற்றல் பெற்ற ஆக்சிஜன் அணு பச்சை ஒளியைச் சுமார் முக்கால் நொடியில் வெளியிட்டுவிடும். சிவப்பு ஒளியை வெளியிட ஏறத்தாழ இரண்டு நிமிடம் வேண்டும். அதற்குள் பக்கத்து மூலக்கூறு ஒன்று மோதினால் ஆற்றல் பறிபோய்விடும். 100 முதல் 150 கி.மீ. உயரத்தில் இந்த மோதல்கள் மிகுதி; எனவே அங்கே பச்சைதான் தப்பும். 200 கி.மீ.க்கு மேல் காற்று மிக மெலிந்தது. மோத ஆளில்லாததால் சிவப்பு நிதானமாக வெளிவரும். தென்பகுதிகளில் இறங்கும் எலக்ட்ரான்கள் பெரும்பாலும் ஆற்றல் குறைந்தவை என்பதால் அவை அந்த உயரத்திலேயே நின்றுவிடுகின்றன.

தூரத்தின் பங்கைக் காட்ட 30 செ.மீ. விட்டமுள்ள உலக உருண்டை போதும். அதில் 300 கி.மீ. என்பது 7 மி.மீ. மட்டுமே! அந்த உயரத்தில் ஒரு தாள் துண்டை வெட்டி, கீழ்ப்பாதிக்குப் பச்சையும் மேல்பாதிக்குச் சிவப்பும் தீட்டி, ஹான்லேக்கு 15 பாகை வடக்கே செங்குத்தாக ஒட்டுங்கள். ஹான்லேயைத் தொடுமாறு ஓர் அளவுகோலை வடக்கு நோக்கித் தொடுகோடாக வையுங்கள். அதுதான் அங்கு நிற்பவரின் அடிவானம். பச்சை முழுவதும் அதற்குக் கீழே போய்விடும். மேலே எட்டிப்பார்ப்பது சிவப்பின் நுனி மட்டும்.

மறுவாரம் வகுப்பில் இதைச் செய்தோம். கேள்வி கேட்ட மாணவி தாளை எடுத்து இன்னும் 5 பாகை வடக்கே ஒட்டினாள். சிவப்பும் மறைந்தது.