கைவலிமை மட்டும் போதாது: அலைச்சறுக்கில் புதியவர்கள் தடுமாறுவது எங்கே?

சித்தூர்: ஆந்திர மாநிலம் சித்தூர் மாவட்டத்தில், தமிழக எல்லையை ஒட்டி அமைந்துள்ளது பாலசமுத்திரம். பெயரில் சமுத்திரம் இருந்தாலும் ஊரில் கடல் இல்லை. பெரிய ஏரிகளைச் சமுத்திரம் என்று அழைத்த பழைய வழக்கம், தமிழ் மற்றும் தெலுங்கு பேசும் பகுதிகளின் ஊர்ப்பெயர்களில் இன்றும் நிலைத்திருக்கிறது. 2022-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் ஆந்திர மாவட்டங்கள் மறுசீரமைக்கப்பட்டபோது, ஸ்ரீஹரிகோட்டாவை உள்ளடக்கிய கடற்கரை புதிய திருப்பதி மாவட்டத்தின் பங்காக அமைந்தது. சித்தூர் மாவட்டத்துக்குக் கடற்கரையே இல்லை. எனவே, அலைச்சறுக்கு கற்க விரும்பும் இப்பகுதி இளைஞர்களுக்கு எட்டும் தொலைவில் இருப்பவை, சென்னைக்குத் தெற்கே கிழக்குக் கடற்கரைச் சாலையில் உள்ள கோவளமும் மாமல்லபுரமும்தான்.

இவ்விரு ஊர்களும் இந்திய அலைச்சறுக்கு வரைபடத்தில் முக்கிய இடம் பெற்றுவிட்டன. உள்ளூர் மீனவர் மூர்த்தி மேகவன் முன்னின்று நடத்தும் அலைச்சறுக்குப் பள்ளி கோவளத்தில் 2012-ம் ஆண்டு முதல் இயங்கி வருகிறது. மாமல்லபுரத்தில் 2023 ஆகஸ்ட் மாதம் சர்வதேச அலைச்சறுக்குப் போட்டியும், 2025 ஆகஸ்ட் மாதம் ஆசிய அலைச்சறுக்கு சாம்பியன்ஷிப் போட்டியும் நடைபெற்றன. ஆசியப் போட்டியில் ரமேஷ் புதிஹால் வெண்கலம் வென்று, அத்தொடரில் தனிநபர் பதக்கம் பெற்ற முதல் இந்தியர் என்ற பெருமையைப் பெற்றார் என்பது குறிப்பிடத்தக்கது.

இத்தகைய செய்திகளும் காணொலிகளும் ஒரு காட்சியை மட்டுமே மனத்தில் பதிக்கின்றன: பலகையின் மீது நிமிர்ந்து நிற்கும் வீரர், பின்னால் எழும் அலை. ஆனால், கடலுக்குள் இருக்கும் நேரத்தில் மிகச் சிறிய பங்குதான் அவ்வாறு நின்று சறுக்குவதற்குக் கிடைக்கிறது. போட்டி வீரர்களைக் கொண்டு நடத்தப்பட்ட ஆய்வுகளிலேயே, மொத்த நேரத்தில் ஏறத்தாழ பாதி, பலகையில் குப்புறப்படுத்துக் கைகளால் நீரைத் தள்ளி முன்னேறுவதில் கழிவதாகவும், அலை மீது சறுக்கும் நேரம் 10 சதவீதத்துக்கும் குறைவு என்றும் தெரியவந்துள்ளது. பேடலிங் எனப்படும் இந்தக் கைத்துடுப்புதான் புதியவர்களை முதல் அரை மணி நேரத்திலேயே களைப்படையச் செய்கிறது. உடற்பயிற்சிக் கூடங்களில் தோள்களை முறுக்கேற்றி வந்தவர்களும் இதற்கு விலக்கல்ல. குறை பெரும்பாலும் கைகளில் இருப்பதில்லை. படுத்திருக்கும் நிலையில் இருக்கிறது.

படுக்கும் இடமே முதல் பாடம்

பலகையில் சற்றுப் பின்தள்ளிப் படுத்தால் அதன் முனை மேலே தூக்கிக்கொள்ளும். வால்பகுதி நீரில் அமிழும். அந்நிலையில் பலகை நீரைக் கிழித்துச் செல்லாமல், எதிரே உள்ள நீரை ஒரு சுவரைப்போல் தள்ளிக்கொண்டே செல்கிறது. எத்தனை வேகமாகக் கை வீசினாலும் பயன் இல்லை. முன்தள்ளிப் படுத்தால் முனை நீருக்குள் புகுந்து, ஆளையே கவிழ்த்துவிடும். முனை நீர்மட்டத்துக்கு மேல் இரண்டு, மூன்று விரல் அளவு மட்டும் தெரியும்படி படுப்பதே சரியான நிலை. முதலில் குறிப்பிட்ட தவறுதான் மிகுதி. கவிழ்ந்துவிடுவோமோ என்ற அச்சத்தில் புதியவர்கள் தம்மை அறியாமலே பின்னோக்கி நழுவிவிடுகின்றனர்.

சரியான இடம் கிடைத்தவுடன், தாடைக்கு நேர்கீழே பலகையில் ஓர் அடையாளம் இட்டுக்கொள்வது பயிற்சிக் களங்களில் வழக்கம். வழுக்காமல் இருக்கப் பூசும் மெழுகாலேயே கோடு போட்டுக்கொள்ளலாம். ஒவ்வொரு முறை ஏறும்போதும் அதே இடத்தில் தாடை வர வேண்டும். பலகையின் நடுக்கோட்டின் மீது உடலின் நடுக்கோடு அமைவதும் அவ்வளவு முக்கியம். இல்லாவிடில் ஒவ்வொரு வீச்சுக்கும் பலகை ஆட, அந்த ஆட்டத்தை அடக்குவதிலேயே பாதி ஆற்றல் வீணாகும்.

கால்களை அகல விரித்துச் சமநிலை தேடுவது இன்னொரு பொதுவான பிழை. விரிந்த கால்கள் நீரில் இழுபட்டு, கட்டிய கல்லைப்போல் வேகத்தைக் குறைக்கின்றன. கால்கள் சேர்ந்திருக்க வேண்டும். மார்பு பலகையிலிருந்து சற்று உயர்ந்து, பார்வை முன்னே நோக்கியிருக்க வேண்டும். மார்பு உயர்ந்தால்தான் தோள்கள் தடையின்றிச் சுழலும். முதுகுத் தசைகளுக்கு இது புதிய வேலை என்பதால் முதல் சில நாள்களில் கழுத்தும் கீழ்முதுகும் வலிப்பது இயல்பே. தலையை இடமும் வலமும் அசைத்தால் பலகையும் அதனுடன் அசையும். நீச்சலில் செய்வதுபோல் மூச்சுக்காகத் தலையைத் திருப்பும் பழக்கத்தை இங்கே விட்டுவிட வேண்டும். கிணற்றிலும் ஏரியிலும் நன்கு நீந்திப் பழகியவர்களுக்குத்தான் இது கடினமாக இருக்கிறது.

நீரை அடிப்பதல்ல, பிடிப்பது

கைவீச்சில் மூன்று கட்டங்கள் உள்ளன. விரல்நுனிகள் முதலில் நீரில் நுழையுமாறு கையை முன்னே நீட்ட வேண்டும். ஓசையும் தெறிப்பும் எழுந்தால் நீரோடு காற்றையும் சேர்த்துப் பிடிப்பதாகப் பொருள். அடுத்து, முழங்கை உயர்ந்தே இருக்க, முன்கை கீழ்நோக்கி மடங்க வேண்டும். உள்ளங்கை மட்டுமின்றி முன்கை முழுவதும் துடுப்பின் அலகாக மாறும் தருணம் இதுதான். அதன்பின், பலகையின் விளிம்பை ஒட்டியே நீரை இடுப்பு வரை பின்னோக்கித் தள்ளி, கையைத் தளர்வாக வெளியே எடுக்க வேண்டும். முழங்கையை மடக்காமல் கையை நேராக வைத்து வட்டமடிப்பவர்கள், முதல் பாதியில் நீரைக் கீழே அழுத்துகின்றனர். இறுதிப் பாதியில் மேலே தூக்குகின்றனர். இரண்டுமே பலகையை முன்னே செலுத்துவதில்லை. தோள்மூட்டில் வலி தொடங்குவதற்கும் இவ்வகை வீச்சு ஒரு காரணம்.

விரல்களை இறுக மூட வேண்டிய தேவை இல்லை. இயல்பாகத் தளர்ந்த விரல்களுக்கு இடையே உள்ள சிறு இடைவெளியால் இழப்பு ஏதுமில்லை. இறுக்கிப் பிடித்தால் முன்கைத் தசைதான் விரைவில் சோர்வடையும். கைகளை மாறி மாறி வீச வேண்டும். இரண்டு கைகளையும் ஒரே நேரத்தில் வீசினால், பலகை ஒரு குதியில் முன்னேறி அடுத்த நொடியே வேகம் இழக்கிறது.

இவ்விடத்தில் பலகையின் அளவையும் கூற வேண்டும். போட்டி வீரர்கள் பயன்படுத்தும் 6 அடிக்குக் குறைந்த மெல்லிய பலகையை விரும்பி வாங்கும் புதியவர்கள், முறையாகப் படுக்கக்கூட முடியாமல் தவிக்கின்றனர். அப்பலகை அவர்களின் எடையைத் தாங்கும் அளவுக்கு மிதப்பதில்லை. 8 அல்லது 9 அடி நீளமும் மேற்பரப்பில் மென்மையான நுரைப்பொருளும் கொண்ட பலகைதான் கற்பவர்களுக்கு ஏற்றது.

அலையின் வேகமும் கையின் வேகமும்

ஒரு மீட்டர் உயர அலை, சுமார் 1.3 மீட்டர் ஆழத்துக்கு வரும்போது உடைகிறது. அவ்வாழத்தில் அதன் வேகம் மணிக்கு ஏறத்தாழ 13 கிலோமீட்டர். புதியவர் ஒருவரின் கைத்துடுப்போ நடைவேகத்தை ஒட்டியது. மணிக்கு 4, 5 கிலோமீட்டர்தான். ஆகவே அலையோடு ஓடி வென்று அதைப் பிடிப்பது எவராலும் ஆகாத செயல். அலையின் சரிவில் பலகை இறங்கத் தொடங்கினால், புவியீர்ப்பு விசை மீதி வேகத்தைக் கொடுத்துவிடும். அந்தச் சரிவில் நுழையும் அளவுக்குப் பலகை ஏற்கெனவே நகர்ந்துகொண்டிருக்க வேண்டும் என்பதே கைத்துடுப்பின் பணி.

எனவே அலை முதுகுக்குப் பின்னால் வந்து நின்ற பிறகு கை வீசத் தொடங்குவது காலம் கடந்த செயலாகும். மூன்று, நான்கு பலகை நீளத் தொலைவில் அலை இருக்கும்போதே நீண்ட வீச்சுகளுடன் தொடங்கி, நெருங்க நெருங்க விரைவாக்க வேண்டும். வால்பகுதி தூக்கப்படுவதை உணர்ந்தவுடன் பெரும்பாலோர் கை வீசுவதை நிறுத்திவிட்டு எழ முயல்கின்றனர். அலை அவர்களுக்குக் கீழே நழுவிச் சென்றுவிடுகிறது. பலகை தானாகச் சறுக்குவது உறுதியாகும் வரை, தாடையைத் தாழ்த்தி எடையைச் சற்று முன்னே கொண்டுவந்து, மேலும் இரண்டு, மூன்று வலுவான வீச்சுகளைக் கொடுக்க வேண்டும். இந்த இரண்டு வீச்சுகளைச் சேர்த்துக்கொண்ட அன்றே அலை கிடைத்துவிட்டதாகக் கூறும் புதியவர்கள் பலர்.

உள்ளே செல்வதும் திரும்பி வருவதும்

அலைகள் தொடர்ந்து ஒரே அளவில் வருவதில்லை. பெரிய அலைகள் சில கூட்டமாக வந்து சென்றபின் கடல் சற்று அடங்கும். சென்னைக்குத் துறைமுகம் அமைவதற்கு முன், கப்பல்களில் வந்தவர்களை மசூலா படகுகளும், கடிதங்களைக் கட்டுமரங்களும் அலைகளைக் கடந்து கரை சேர்த்தன. அவற்றைச் செலுத்திய மீனவர்களின் தேர்ச்சி, இந்த அடங்கும் இடைவெளியைக் கணித்துப் புறப்படுவதில் இருந்தது. இன்றும் கரையில் நின்று பத்து நிமிடங்கள் அலைகளை எண்ணிப் பார்ப்பவர், எடுத்த எடுப்பில் இறங்குபவரைவிடப் பாதி உழைப்பில் உள்ளே செல்வார்.

இடுப்பளவு நீர் வரை பலகையைப் பக்கத்தில் பிடித்து நடந்தே செல்லலாம். பலகை ஒருபோதும் தமக்கும் வரும் அலைக்கும் இடையே குறுக்காக இருத்தல் கூடாது. அலை அதைத் தூக்கி முகத்திலோ மார்பிலோ மோதும். நீண்ட பலகையுடன் உடையும் அலையைச் சந்திக்கும்போது, இரு விளிம்புகளையும் இறுகப் பற்றிக்கொண்டு தலைகீழாகப் புரண்டு, அலை மேலே கடந்தபின் மீண்டும் புரண்டு எழுவது எளிய முறை. காலில் லீஷ் கயிறு கட்டியிருக்கிறது என்ற துணிச்சலில் பலகையைக் கைவிடுவது, பின்னால் வருபவருக்கு ஆபத்தானது.

கைத்துடுப்பு விளையாட்டுத் திறனாக இல்லாமல் உயிர் காக்கும் திறனாக மாறும் இடம் ஒன்று உண்டு. கரையில் குவிந்த நீர், குறுகிய பாதை ஒன்றின் வழியே கடலுக்குள் திரும்பிப் பாயும் இழுப்பு நீரோட்டம் அது. அதன் வேகம் சில வேளைகளில் நொடிக்கு 2 மீட்டரைத் தாண்டும். தேர்ந்த நீச்சல் வீரராலும் அதை எதிர்க்க இயலாது. அதில் சிக்கியவர் கரையை நோக்கி நேராகக் கை வீசினால், இருக்கும் வலுவையும் இழந்துவிடுவார். பலகையை விடாமல், கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நகர்ந்து அப்பாதையிலிருந்து வெளியேறி, அலைகள் உடையும் இடத்துக்கு வந்தபின் கரையை நோக்கித் திரும்ப வேண்டும். சோர்ந்துவிட்டால் பலகையின் மீது படுத்தபடி கையசைத்து உதவி கோரலாம். மிதக்கும் பலகை உடனிருக்கும் வரை காத்திருக்க முடியும்.

கரையோரமாகவே இழுத்துச் செல்லும் நீரோட்டமும் கவனத்துக்கு உரியது. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் தமிழகக் கடற்கரையில் இது பொதுவாகத் தெற்கிலிருந்து வடக்கே பாய்கிறது. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் திசை மாறுகிறது. சென்னைத் துறைமுகத்துக்குத் தெற்கே மெரினாவில் மணல் சேர்ந்ததும், வடக்கே ராயபுரம் பக்கம் கரை அரிக்கப்பட்டதும் வடக்கு நோக்கிய இந்த மணல் ஓட்டத்தால்தான். கற்பவர்கள் கரையில் ஒரு கட்டடத்தையோ படகையோ அடையாளமாக வைத்துக்கொண்டு, சில நிமிடங்களுக்கு ஒருமுறை தம் இடத்தைச் சரிபார்க்க வேண்டும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை, மீனவர்களுக்குக் கடல் எச்சரிக்கை விடுக்கப்படும் நாள்களில் புதியவர்கள் இறங்கவே கூடாது.

கடல் இல்லாத ஊரில் கற்கக்கூடியது

இதுவரை கூறப்பட்டவற்றில், படுக்கும் நிலை, கால்களைச் சேர்த்தல், கைவீச்சு ஆகியவற்றுக்கு அலை தேவையில்லை. அசையாத நீரே அவற்றைக் கற்க ஏற்ற இடம். நிர்வாகத்தின் அனுமதி பெற்று நீச்சல் குளத்தில் பலகையுடன் 20 நிமிடங்கள் பயிற்சி செய்தால், முனை தூக்குகிறதா, பலகை ஆடுகிறதா என்பது தெளிவாகத் தெரியும். ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குச் செல்ல எத்தனை வீச்சுகள் தேவைப்பட்டன என்று எண்ணுவது நல்ல அளவுகோல். அந்த எண்ணிக்கை குறைந்தால் நுட்பம் மேம்படுகிறது என்று கொள்ளலாம். சேறும் ஆழமும் தெரியாத பாசன ஏரிகளிலும், கைவிடப்பட்ட கல்குவாரிகளிலும் இப்பயிற்சியை மேற்கொள்வது உயிருக்கு ஆபத்தானது. பலகை கிடைக்காதவர்கள், தரையில் குப்புறப்படுத்து மார்பை உயர்த்திப் பிடிக்கும் புஜங்காசனத்தையும், தோள்களுக்கான இலகுப் பயிற்சிகளையும் வாரம் மூன்று நாள்கள் செய்து வந்தால் முதல் வகுப்பின் வலி பெருமளவு குறையும்.

கடலில் இறங்கிய பின், கை நீரில் நுழையும் ஓசை மாறுவதைக் கவனிக்க வேண்டும். தெறிப்பு கூடி, முழங்கை தாழத் தொடங்கினால் தோள்கள் களைத்துவிட்டன. கரைக்குத் திரும்பும் வலு மீதமிருக்கும்போதே அன்றைய பயிற்சியை முடித்துக்கொள்ளலாம். சென்னைக் கடற்கரையில் நண்பகலை ஒட்டிக் கடற்காற்று வீசத் தொடங்கி நீர்ப்பரப்பு கலங்கிவிடுவதால், தொடக்கநிலை வகுப்புகளுக்குக் காலை வேளையே ஏற்றது. சித்தூர் மாவட்டத்திலிருந்து வருவோர் விடியற்காலையில் புறப்பட்டு அவசரமாக வந்து இறங்குவதைவிட, முந்தைய நாள் மாலையே வந்து தங்கி, தூங்கி எழுந்து கடலில் இறங்குவது நல்லது.