வலிப்பு நின்ற பிறகு

கைகால் வெட்டி இழுத்தபடி ஒருவரைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். அவசர சிகிச்சைப் பிரிவில் லோராசெபாம் ஊசி போடுகிறார்கள். அதற்கும் அடங்காவிட்டால் லெவிடிராசெட்டமோ ஃபெனிடோயினோ ரத்தக்குழாய் வழியே ஏறுகிறது. இழுப்பு நிற்கிறது. உடன் வந்தவர்களுக்கு அப்போதுதான் மூச்சு வருகிறது. ஆனால் ஒரு மணி நேரமாகியும் ஆள் கண் திறக்கவில்லை. மருந்து தந்த தூக்கமா, இழுத்து ஓய்ந்த களைப்பா, இல்லை உள்ளே வலிப்பு இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறதா? கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்தாலும் தெரியாது. சி.டி. ஸ்கேன் மூளையின் உருவத்தைக் காட்டுமே தவிர, அந்த நிமிடம் அது என்ன செய்துகொண்டிருக்கிறது என்பதைக் காட்டாது. அதற்கு இருப்பது மூளை அலைப் பதிவு, மருத்துவமனைப் பேச்சில் இ.இ.ஜி.

இந்தச் சந்தேகம் வீண் சந்தேகமில்லை. அமெரிக்காவின் வர்ஜீனியாவில் ராபர்ட் டிலோரென்சோ குழுவினர், நீடித்த வலிப்பு வெளிப்பார்வைக்கு அடங்கிவிட்ட 164 பேருக்கு 24 மணி நேரம் இ.இ.ஜி. பதிவு செய்து 1998-இல் முடிவை வெளியிட்டார்கள். ஏறத்தாழ பாதிப் பேருக்கு மூளைக்குள் வலிப்பு தொடர்ந்திருந்தது. 14 சதவீதத்தினருக்கு அது விடாத வலிப்பாகவே ஓடிக்கொண்டிருந்தது, ஒரு விரல்கூட அசையாமல்.

கருவி பிடிப்பது மிக மெல்லிய மின்சாரத்தை. மூளைப் புறணியில் உள்ள பிரமிடு வடிவ நரம்பணுக்கள் ஒன்றுக்கொன்று செய்தி அனுப்பும்போது எழும் மின்னழுத்தம், மண்டையோட்டையும் தோலையும் கடந்து வெளியே வருவதற்குள் சில பத்து மைக்ரோவோல்ட்டாகச் சுருங்கிவிடும். இதயத்தின் ஈ.சி.ஜி. ஒரு மில்லிவோல்ட் அளவில் இருப்பதோடு ஒப்பிட்டால் இது எவ்வளவு சொற்பம் என்று தெரியும். பல சதுர சென்டிமீட்டர் பரப்பிலுள்ள அணுக்கள் ஒரே தாளத்தில் இயங்கினால்தான் வெளியே அலை தெரியும். ஜெர்மனியின் யேனா நகரில் மனநல மருத்துவராக இருந்த ஹான்ஸ் பெர்கர் மனிதத் தலையிலிருந்து இதை முதன்முதலில் பதிவு செய்தது 1924-இல், வெளியிட்டது 1929-இல். மனத்துக்கு மனம் செய்தி போகும் என்று நம்பியவர் அவர். அதற்கான ஆற்றலைத் தேடிப் போனவருக்குக் கிடைத்தது இது.

புறநோயாளியாக இ.இ.ஜி. எடுக்கப் போகிறவரிடம் நம் ஊரில் முதலில் சொல்வது, “எண்ணெய் வைக்காமல் தலைக்குக் குளித்துவிட்டு வாருங்கள்” என்பது. தீவிர சிகிச்சைப் பிரிவில் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. எண்ணெய், உறைந்த ரத்தம், அறுவைக் கட்டு, மண்டைக்குள்ளிருந்து வரும் குழாய் எல்லாவற்றுக்கும் நடுவில்தான் டெக்னீஷியன் வேலை செய்ய வேண்டும். மூக்கு நெற்றியோடு சேரும் பள்ளத்திலிருந்து பின்மண்டைப் புடைப்பு வரை டேப் பிடித்து அளந்து, நூற்றுக்கு 10, 20 என்ற விகிதத்தில் புள்ளி வைத்து, முடியை வகிர்ந்து, தோலைத் தேய்த்து, பசை வைத்து ஒவ்வொரு மின்முனையாக ஒட்டுவார். மொத்தம் 21. தேய்ப்பதில் சோம்பல் பட்டால் திரையில் வருவது மூளை அலையாக இருக்காது, சுவரிலுள்ள மின்கம்பியின் 50 ஹெர்ட்ஸ் இரைச்சலாக இருக்கும்.

ஐ.சி.யூ.வில் பொய் அலைகளுக்குப் பஞ்சமே இல்லை. வென்டிலேட்டர் குழாயில் தேங்கிய தண்ணீர் ஒவ்வொரு மூச்சுக்கும் குலுங்கினால் அதுவும் கோடாக விழும். சளியை இளக்க பிசியோதெரபிஸ்ட் மார்பில் தட்டுவது, தேர்ந்த கண்ணையும் ஏமாற்றும் அளவுக்கு வலிப்பைப் போலவே சீரான தாளத்தில் பதிவாகும். அதனால்தான் படுக்கைக்கு நேராக ஒரு கேமராவும் ஓடுகிறது. படிப்பவர் கோட்டில் சந்தேகம் வந்தால் படத்தைப் பார்த்துக்கொள்வார். படம் இல்லாமல் எடுக்கும் நீண்ட பதிவை நான் பாதிப் பதிவு என்றுதான் சொல்வேன்.

சரி, உண்மையான வலிப்பு எப்படி இருக்கும்? கூர்முனைகள் நொடிக்கு 2.5-க்கு மேல், குறைந்தது 10 நொடி தொடர்ந்தால் அதை வலிப்பு என்று கொள்ளலாம் என நரம்பியலாளர்கள் ஒரு வரம்பு வைத்திருக்கிறார்கள். சிக்கல் அதற்குக் கீழே. நொடிக்கு ஒன்று, ஒன்றரை என்று கடிகாரம் போல வரும் கூர்முனைகளை வலிப்பு என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் தள்ள முடியாது. இரண்டுங்கெட்டான் நிலை. கல்லீரல் செயலிழந்தவரின் மூளையிலும் இதைப் போன்ற அலைகள் வரும். வலிப்பு மருந்தைக் கூட்டினால் அவர் மயக்கம்தான் கூடும். இந்த இடத்தில் மருத்துவர்கள் செய்வது ஒரு சோதனை: மருந்தைச் சிறிய அளவில் கொடுத்து, அலை மட்டும் அடங்குகிறதா, ஆளும் தெளிகிறாரா என்று பார்ப்பார்கள். அலை அடங்கி ஆள் தெளியாவிட்டால் விடை கிடைத்ததாக ஆகாது.

எவ்வளவு நேரம் பதிவு செய்வது? வழக்கமான பதிவு 20, 30 நிமிடத்தில் முடிந்துவிடும். நியூயார்க்கில் யான் கிளாசன் குழு தொடர் பதிவில் வைத்த 570 பேரைப் பற்றி 2004-இல் எழுதியது. 19 சதவீதத்தினருக்கு வலிப்பு தென்பட்டது, அவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கும் அது வெளியே தெரியாத வலிப்பு. முதல் மணி நேரத்தில் பிடிபட்டது பாதிக்குச் சற்று மேல்தான், முதல் நாளுக்குள் 88 சதவீதம். இதைப் படித்தால் எல்லோருக்கும் நாள் முழுக்க வைத்துவிடலாமே என்று தோன்றும். சுவிட்சர்லாந்தில் நோயாளிகளை இரு பிரிவாக்கி அதைச் சோதித்துப் பார்த்தார்கள். 2020-இல் வெளிவந்த அந்த ஆய்வில், தொடர் பதிவு வலிப்பை 15.7 சதவீதத்தினரிடம் கண்டது. இரண்டு முறை எடுத்த குறும்பதிவு 4.4 சதவீதத்தினரிடம் மட்டுமே. ஆனால் ஆறு மாத முடிவில் இறப்பு இரு பக்கமும் ஒன்றுதான். கண்டுபிடித்த வலிப்பு எல்லாம் கொல்லும் வலிப்பு இல்லை போலும். தொடர் பதிவு வசதி இல்லாத மாவட்ட மருத்துவமனைக்கு இது ஆறுதலான செய்தி என்றே நினைக்கிறேன்: ஒரு குறும்பதிவு, ஆள் தெளியாவிட்டால் மறுநாள் இன்னொன்று என்று எடுப்பதே நல்ல மருத்துவம்தான்.

அதற்கும் படிக்க ஆள் வேண்டும். இரவு இரண்டு மணிக்கு நரம்பியல் நிபுணர் எங்கே கிடைப்பார்? ஸ்டான்ஃபோர்டில் வலிப்பு மருத்துவர் ஜோசப் பார்விசி, க்ரோனோஸ் குவார்டெட் என்ற இசைக் குழுவின் கச்சேரி கேட்ட பிறகு, மூளை அலையை ஒலியாக்கிக் கேட்டால் என்ன என்று இசையமைப்பாளர் கிறிஸ் சேஃபிடம் போனார். சாதாரண மூளை முணுமுணுக்கிறது, வலிப்பில் ஒலி ஓலமாகிறது. 15 நொடி கேட்ட செவிலியரும் மருத்துவ மாணவர்களும் நூற்றுக்கு 95-க்குக் குறையாமல் வலிப்பை அடையாளம் கண்டதாக 2018-இல் வெளியான ஆய்வு சொன்னது. இதே வழியில் பிறந்ததுதான் செரிபெல் என்ற கருவி: தலையைச் சுற்றிக் கட்டும் பட்டையில் 10 மின்முனைகள், சில நிமிடத்தில் பதிவு. உச்சந்தலையில் மின்முனை இல்லாததால் அங்கே கிளம்பும் வலிப்பு தப்பிவிடலாம்.

இதயம் நின்று மீட்கப்பட்டவர்களிடம் கேள்வி வேறு: மூளை மீளுமா? பின்னணி அலை தொடர்ந்து, நல்ல உயரத்தோடு முதல் நாளிலேயே தெரிந்தால் நல்ல அறிகுறி. ஒரு நாளுக்குப் பிறகும் கோடு அமுங்கிக் கிடந்தாலோ, வெடித்து அடங்கி வெடித்து அடங்கி வந்தாலோ கவலைதான். ஆனால் மயக்க மருந்தே அதே கோலத்தை உண்டாக்கும் என்பதால், இந்த ஒரு சோதனையை மட்டும் வைத்து யாரும் கைவிடுவதில்லை.

திரைப்படம் பார்த்துப் பழகியவர்கள் தட்டைக் கோடுதான் மூளைச்சாவு என்று நினைப்பார்கள். ஆனால் விதி நாட்டுக்கு நாடு மாறும். ஜப்பானில் மூளைச்சாவை உறுதிசெய்ய இ.இ.ஜி. கட்டாயம். இந்தியாவில் 1994-ஆம் ஆண்டு உறுப்பு மாற்றுச் சட்டப்படி நான்கு மருத்துவர்கள், ஆறு மணி நேர இடைவெளியில் இருமுறை, மூளைத்தண்டின் அனிச்சைச் செயல்களையும் சுவாசத்தையும் சோதித்துச் சான்று தர வேண்டும், இ.இ.ஜி. கட்டாயமில்லை. அது புறணியைப் பார்க்கும் கருவி, தண்டு அதன் கண்ணுக்கு எட்டாது.

அண்மைக் காலத்தின் வியப்பு இன்னொன்று. 2019-இல் கிளாசன் குழு, மூளை காயமுற்று எந்தச் சொல்லுக்கும் அசையாமல் கிடந்த 104 பேரின் காதில் “வலது கையைத் திறந்து மூடிக்கொண்டே இருங்கள்” என்றும், பிறகு “நிறுத்துங்கள்” என்றும் சொல்லிப் பதிவு செய்தது. கை அசையவில்லை. 16 பேரின் அலைகள் மட்டும் இரண்டு கட்டளைக்கும் வெவ்வேறாக இருந்ததைக் கணினி பிரித்தறிந்தது. ஓராண்டு கழித்து அந்த 16 பேரில் 44 சதவீதத்தினர் ஒரு நாளில் எட்டு மணி நேரமாவது பிறர் துணையின்றிச் சமாளித்தார்கள். மற்றவர்களில் 14 சதவீதம்.

2024-இல் பல நாட்டு மையங்கள் சேர்ந்து, மூளையின் இயக்கத்தைக் காட்டும் எஃப்.எம்.ஆர்.ஐ. ஸ்கேனையும் துணைக்கு வைத்துச் செய்த பெரிய ஆய்வில், அசையாத 241 பேரில் கால்வாசிப் பேரிடம் இப்படி ஒளிந்த பதில் இருந்தது. அதே ஆய்வில் கட்டளைக்குக் கண்கூடாகவே இணங்கக்கூடிய 112 பேரையும் சோதித்தார்கள். அவர்களில் 38 சதவீதத்தினரிடம்தான் சோதனை பதிலைக் கண்டது. எனவே பதில் தெரிந்தால் நம்பலாம். தெரியாவிட்டால், அதை வைத்து உறவினரிடம் எதுவும் சொல்ல முடியாது.