மடிக்கணினிக்குள் ஒரு ரோட்ஸ்

1950-களின் நடுவிலிருந்து 1980-களின் தொடக்கம் வரை எலெக்ட்ரிக் பியானோ என்று விற்ற பெரும்பாலான கருவிகளில் மின்சாரத்தின் பங்கு குறைவு. ஒலி பிறப்பது உலோகத்தில். மின்சாரம் அதை வாங்கிப் பெரிதாக்குகிறது. ரோட்ஸ் கருவியில் ஒரு கட்டையை அழுத்தினால் சிறு சுத்தியல் ஒன்று மெல்லிய எஃகுக் கம்பியைத் தட்டும். அதனுடன் இணைந்த கனத்த பட்டை ஒன்றும் கூடவே அதிரும். பள்ளி ஆய்வகத்து இசைக்கவையேதான் இது. ஒரு கை மெலிந்தும் மறுகை தடித்தும் இருப்பது மட்டுமே வேறுபாடு. கம்பி நுனிக்கு எதிரே, எலெக்ட்ரிக் கிட்டாரில் உள்ளதுபோல், காந்தமும் சுருளும் கொண்ட பிக்கப் இருக்கிறது. இன்னொரு எலெக்ட்ரிக் பியானோவான வுர்லிட்ஸர், ஆர்மோனியத்தின் தூரத்து உறவு. ஆர்மோனியத்தில் காற்று ஆட்டும் ரீடை இங்கே சுத்தியல் அடிக்கிறது. ரீடுக்கும் அதன் அருகிலுள்ள தகட்டுக்கும் இடையே மாறிக்கொண்டிருக்கும் மின்தேக்கம் ஒலியாகிறது.

இரண்டுக்கும் பொதுவான குணம் ஒன்று உண்டு. மெல்லத் தொட்டால் ரோட்ஸ் கோயில் மணியின் கடைசி ரீங்காரம்போல் மிருதுவாக ஒலிக்கும். ஓங்கி அடித்தால் உறுமும். வுர்லிட்ஸரை அழுத்தி வாசித்தால் கரகரக்கும். சத்தம் கூடுவதோடு நிற்காமல் ஒலியின் நிறமே மாறிவிடுகிறது. வீட்டில் இசை அமைப்பவர் வாங்கும் சாம்பிள் தொகுப்பு, அதாவது கருவியின் ஒலிகளைப் பதிந்த கோப்புகளின் கட்டு, எத்தனை ஜி.பி. என்பதைவிட, இந்த நிறமாற்றம் அதற்குள் வந்திருக்கிறதா என்பதே முதன்மையான கேள்வி.

ரோட்ஸின் கதை மருத்துவமனையில் தொடங்குகிறது. இரண்டாம் உலகப்போரின்போது அமெரிக்க விமானப்படையில் இருந்த ஹரோல்டு ரோட்ஸ், படுக்கையில் கிடந்த வீரர்கள் மடியில் வைத்து வாசிப்பதற்காக 29 கட்டைகள் கொண்ட சிறு பியானோவைச் செய்தார். பி-17 குண்டுவீச்சு விமானத்தின் அலுமினியக் குழாய்கள்தான் மூலப்பொருள். 1959-ல் அவர் ஃபெண்டர் நிறுவனத்தோடு சேர்ந்தார். 1965-ல் 73 கட்டை சூட்கேஸ் மாடலும், 1970-ல் ஸ்டேஜ் மாடலும் வந்தன. மேடைக்கு மேடை தூக்கிச் செல்லவென்று வந்த அந்த ஸ்டேஜ் மாடல் ஏறக்குறைய 60 கிலோ எடை!

தோல் தொழில் நடக்கும் வட்டாரத்துக்குச் சுவையான செய்தி ஒன்று ஜெர்மனியின் ஹோனர் பியானெட் என்ற எலெக்ட்ரிக் பியானோவில் இருக்கிறது. பழைய பியானெட்டில் சுத்தியலே கிடையாது. எண்ணெய்ப் பசை ஏற்றிய தோல் முகப்புப் பட்டை ஒன்று ரீடின்மேல் ஒட்டிக்கொண்டிருக்கும். கட்டையை அழுத்தியதும் 'ப்ளக்' என்று விடுபட்டு ரீடை அதிர விடும். காலப்போக்கில் தோல் காய்ந்ததும் கருவி ஊமையாகிப் போகும். 1977-ல் சிலிக்கோன் ரப்பருக்கு மாறினார்கள். ஆம்பூரிலும் பேரணாம்பட்டிலும் தோல் பதனிடும் எவருக்கும் அந்தக் கோளாறை விளக்க வேண்டியதில்லை.

1970, 80-களில் இத்தகைய கீபோர்டுகள் சென்னையின் ஒலிப்பதிவுக் கூடங்களுக்கும் விரல்விட்டு எண்ணக்கூடிய கலைஞர்களுக்கும் உரியவையாக இருந்தன. இளையராஜாவின் குழுவில் விஜி மேனுவல் கீபோர்டு வாசித்த காலம் அது. 1983-ல் யமஹாவின் டி.எக்ஸ்.7 வந்ததும் நிலைமை மாறியது. அதற்குள் கம்பியும் இல்லை, ரீடும் இல்லை, எஃப்.எம். முறையில் கணக்குப் போட்டே ஒலியை உண்டாக்கும். 1986-ல் 'புன்னகை மன்னன்' படத்துக்கு இளையராஜா கணினியைப் பயன்படுத்தினார். 1989-ல் ஏ.ஆர்.ரஹ்மான் கோடம்பாக்கத்து வீட்டின் கொல்லைப்புறத்தில் பஞ்சதன் ரெக்கார்ட் இன் கூடத்தை அமைத்தார். வீட்டிலேயே திரையிசை என்பதற்குத் தமிழ்நாட்டின் பெயர்பெற்ற முன்னுதாரணம் அதுவே.

இந்த வரலாற்றால் ஒரு நடைமுறைப் பயன் உண்டு. 'எண்பதுகளின் பாட்டில் வருகிற அந்தப் பியானோ வேண்டும்' என்று கேட்பவர்களில் பலர் மனதில் வைத்திருப்பது ரோட்ஸை அல்ல. கண்ணாடியைத் தட்டியதுபோல் பளிச்சென்று ஒலித்தால் அது பெரும்பாலும் எஃப்.எம். வகை. அதற்குச் சாம்பிளே தேவையில்லை, டி.எக்ஸ்.7-ஐ அப்படியே பின்பற்றும் டெக்ஸ்ட் (Dexed) என்ற மென்பொருள் இலவசமாகக் கிடைக்கிறது. சற்றே மங்கலாக, அடிவயிற்றிலிருந்து வருவதுபோல் இருந்தால் ரோட்ஸ். மூக்கால் பேசுவதுபோலக் குட்டையாக முடிந்தால் வுர்லிட்ஸர். நிஜப் பியானோவைத் தகரப் பெட்டிக்குள் வைத்ததுபோல் கேட்டால், தந்தி கட்டிய யமஹா சி.பி.-70. தேடுவது எது என்று தெரியாமல் தொகுப்புகளைத் தரவிறக்குவதில்தான் பாதிப் பணமும் முக்கால்வாசி நேரமும் போகின்றன.

குடியாத்தம் போன்ற ஊரில் வீட்டு ஸ்டூடியோ வைப்பவருக்குச் சாம்பிள் இன்னொரு வகையிலும் பொருந்துகிறது. லுங்கி நெய்யும் ஊர். தறிச் சத்தம் சுவரைத் தாண்டி வரும். மைக் வைத்து நிஜப் பியானோவைப் பதிவுசெய்ய அமைதியான அறை வேண்டும், சித்திரை வெயிலிலும் மின்விசிறியை நிறுத்த வேண்டும். சாம்பிளில் பதிவு வேலை வேறெங்கோ, வேறொருவரால் முடிந்துவிட்டது. இங்கே கீபோர்டும் ஹெட்போனும் போதும்.

சாம்பிள் தொகுப்பு என்பது ஒவ்வொரு கட்டையையும் பல அழுத்தங்களில் வாசித்துப் பதிந்த கோப்புகளின் கட்டு. அதன் அளவைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 24 பிட், 44,100 ஹெர்ட்ஸ், ஸ்டீரியோ என்றால் ஒரு நொடிக்கு 2,64,600 பைட். 20 நொடி ஒலித்து அடங்கும் ஒரு சுரத்துக்கு ஏறக்குறைய 5.3 எம்.பி. 73 கட்டைகள், கட்டைக்கு 5 அழுத்த அடுக்குகள் என்றால் மொத்தம் 1.9 ஜி.பி. ஆனால் ஸ்டேஜ் ரோட்ஸிலிருந்து வெளிவருவது ஒரே ஒரு மோனோ ஒலி. அதை ஸ்டீரியோவில் நேரடியாகப் பதிவதால் ஒலிக்கு லாபம் ஏதுமில்லை. மோனோவில் பதிந்தால் அளவு பாதியாகிறது. மூன்று கட்டைக்கு ஒன்று மட்டும் பதிந்து, பக்கத்துக் கட்டைகளுக்கு அதையே அரைச் சுரம் ஏற்றி இறக்கினால் காதுக்குப் பெரிதாகத் தெரியாது. அப்போது 320 எம்.பி. போதும். ஆக, ஆறு மடங்கு பெரிய தொகுப்பு ஆறு மடங்கு நல்லது என்று ஆகிவிடாது. நாளொன்றுக்கு இவ்வளவுதான் என்று அளந்து தரும் கைப்பேசி டேட்டாவில் தரவிறக்குபவருக்கு இந்தக் கணக்கு இரட்டிப்பு முக்கியம்.

எங்கே சிக்கனம் பிடிக்கக் கூடாது என்றால், அழுத்த அடுக்குகளில். இரண்டே அடுக்குள்ள தொகுப்பில் மிருதுவும் உறுமலும் இருக்கும். நடுவில் பாலம் இருக்காது. ஒரே கட்டையை மெதுவாகத் தொடங்கிப் படிப்படியாக அழுத்தம் கூட்டி இருபது முறை தட்டினால் இந்தக் குறை உடனே வெளிப்படும். ஏதோ ஓரிடத்தில் ஒலி திடீரென்று தாவினால் அந்தத் தொகுப்பில் உணர்ச்சியோடு வாசிக்க முடியாது. விரல் ஒன்று சொல்ல, ஸ்பீக்கர் வேறொன்று சொல்லும். அடுத்து ஒரு கட்டையை அழுத்தி அப்படியே பிடித்திருக்க வேண்டும். இடம் மிச்சம்பிடிக்க இரண்டு மூன்று நொடிக்குப் பிறகு ஒரு துண்டையே திரும்பத் திரும்ப ஓட்டியிருந்தால் ரீங்காரம் உயிரிழந்து தட்டையாகக் கேட்கும். விரலை எடுக்கும்போது டேம்பர் வந்து கம்பியில் படியும் சிறு 'டொப்' இருக்கிறதா என்பதையும் கவனிக்கலாம். மெதுவான பாட்டில் அது கருவிக்கு உடம்பு தருகிறது. மற்றக் கருவிகள் நிறைந்த பாட்டில் யார் காதுக்கும் எட்டாது, அதற்காகக் கூடுதல் பணம் தர வேண்டியதில்லை.

இந்தச் சோதனைகளுக்கு முன்னால் வீட்டிலிருக்கும் கீபோர்டைச் சோதிக்க வேண்டும். தேவாலயத்திலோ மெல்லிசைக் குழுவிலோ பழகியவர்களிடம் பெரும்பாலும் ஏற்கெனவே ஒன்று இருக்கும். அதில் தொடுவிசை உணரும் வசதி இல்லையென்றால் எந்தத் தொகுப்பும் வீண்தான். எப்படி அடித்தாலும் ஒரே அடுக்குதான் ஒலிக்கும். யமஹா பி.எஸ்.ஆர்.-இ273-ல் அந்த வசதி இல்லை. இ373-ல் உண்டு, கணினியோடு இணைக்க யு.எஸ்.பி.யும் உண்டு. இந்திய வாத்தியங்களின் ஒலிகளோடு வரும் பி.எஸ்.ஆர்.-ஐ500-லும் இரண்டும் உள்ளன. கையில் இருக்கும் காசை முதலில் இங்கே போட்டுவிட்டு, ஒலியை இலவசத் தொகுப்பிலிருந்து எடுத்துக்கொள்வதே புத்திசாலித்தனம். இதற்கு நேர்மாறாகச் செய்பவர்களே அதிகம்.

இலவசத் தொகுப்புகள் இன்று மட்டமானவை அல்ல. 1977-ம் ஆண்டு ஸ்டேஜ் 73 கருவியிலிருந்து எடுத்த ஜே-ரோட்ஸ் 3 தொகுப்பு, எஸ்.எஃப்.இசட். வடிவில் கிடைக்கிறது. அதை வாசிக்க ப்ளோக் நிறுவனத்தின் ஸ்ஃபோர்ஸான்டோ இலவசம். எஸ்.எஃப்.இசட். என்பது வெறும் எழுத்துக் கோப்பு என்பதால் நோட்பேடில் திறந்து, எந்த அழுத்தத்துக்கு எந்த அடுக்கு என்பதைத் தன் கைக்கேற்ப மாற்றிக்கொள்ளலாம். விலை கொடுத்து வாங்கும் பல தொகுப்புகளில் இந்தச் சுதந்திரம் இல்லை. பியானோபுக் தளத்தில் ஆர்வலர்கள் தங்கள் கருவிகளைப் பதிந்து பகிர்கிறார்கள். தரம் ஏறியிறங்கும், ஆனால் பல்லுப்போன வுர்லிட்ஸர், பாதி கெட்ட பியானெட் போன்ற விசித்திரங்கள் அங்கேதான் அகப்படும். மிகப் பழைய கணினி வைத்திருப்பவர்களுக்கு எம்.டி.ஏ. இ-பியானோ இருக்கிறது. அதன் சாம்பிள்கள் மொத்தமும் ஒரு எம்.பி.க்குள் அடக்கம், கூட்டத்தோடு ஒலிக்கையில் குறை தெரியாது. ஆப்பிள் கணினியில் இலவசமாக வரும் கராஜ்பேண்டிலேயே எலெக்ட்ரிக் பியானோ உண்டு.

பணம் கொடுத்து வாங்குவதென்றால் அவசரம் கூடாது. வேவ்ஸ் நிறுவனத்தின் எலெக்ட்ரிக் 88 (ரோட்ஸ்), எலெக்ட்ரிக் 200 (வுர்லிட்ஸர்) போன்றவற்றின் பட்டியல் விலையை யாரும் பொருட்படுத்துவதில்லை. தள்ளுபடி நாட்களில் அவை சரிந்து விழும். ஸ்பெக்ட்ராசோனிக்ஸின் கீஸ்கேப் மிகச் சிறந்தது, 77 ஜி.பி. இடம் கேட்பது. வீட்டு ஸ்டூடியோவின் முதல் செலவாக அது இருக்கத் தேவையில்லை. லவுஞ்ச் லிசார்ட், பியானோடெக் போன்றவை சாம்பிள் அல்ல. கம்பியின் அதிர்வையே கணக்கிட்டு உண்டாக்குபவை. அவற்றில் அடுக்குத் தாவல் என்ற பிரச்சினையே எழாது, வட்டில் இடமும் அடைக்காது. ஆனால் பிராசஸருக்கு வேலை அதிகம். பெரும்பாலும் டாலர் விலை என்பதால் வங்கி அட்டையில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையைத் திறந்துவைக்க வேண்டியிருக்கும். இலவசமோ விலைக்கோ, உரிமத்தைப் படிப்பது நல்லது. பொதுவாகப் பாட்டில் பயன்படுத்தி விற்கத் தடையிருக்காது. சாம்பிளைத் தனியாக மறுவிற்பனை செய்யத்தான் தடை.

கட்டையைத் தொட்டு ஒலி வரத் தாமதமானால் வாசிப்பு தடுமாறும். மென்பொருளில் பஃபர் 512 என்றிருந்தால் 44,100 ஹெர்ட்ஸில் அது மட்டுமே 11.6 மில்லிநொடி தாமதம். 128-க்குக் குறைத்தால் 2.9. விண்டோஸில் இதற்கு ஏ.எஸ்.ஐ.ஓ. டிரைவர் வேண்டும். ஆடியோ இன்டர்ஃபேஸ் இல்லாதவர்கள் ஏ.எஸ்.ஐ.ஓ.4ஆல் என்ற இலவச டிரைவரை வைத்து ஓட்டுகிறார்கள்.

தமிழ்ப் பாட்டுக்குள் இந்த ஒலியை உட்காரவைக்கும்போது இடக்கையைக் கட்டுப்படுத்த வேண்டும். ரோட்ஸின் கீழ்ச்சுரங்கள் தபேலாவின் டக்காவோடும் பேஸ் கிட்டாரோடும் மோதி எல்லாவற்றையும் குழப்பும். 120 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிட்டால் மூன்றுக்கும் இடம் கிடைக்கும். கமகத்தைப் பிட்ச் வீலில் வளைக்க முயல்வது பொருந்தாது. அசல் கருவியில் சுரம் வளையாது என்பதால் கேட்டதுமே போலி தெரிந்துவிடும். கமகத்தைப் புல்லாங்குழலுக்கோ நாகஸ்வரத்துக்கோ விட்டுவிட்டு, அதன் அடியில் கார்டு விரிப்பாக இருப்பதே எலெக்ட்ரிக் பியானோவுக்கு ஏற்ற வேலை. பழைய பதிவுகளில் நாம் கேட்பதில் பாதி கோரஸ், ஃபேஸர், ஆம்ப்ளிஃபயர் ஆகியவற்றின் கைவண்ணம். ஆகவே எஃபெக்ட் ஏதும் பூசாத தொகுப்பாக எடுத்து, பூச்சைத் தனியே சேர்ப்பது வசதி.

இந்தப் பூச்சுகளில் ஒன்று ஏமாற்றக்கூடியது. சூட்கேஸ் ரோட்ஸில் 'வைப்ராட்டோ' என்று எழுதியிருந்தாலும், அது சுரத்தை ஆட்டுவதில்லை. ஒலியை இடது ஸ்பீக்கருக்கும் வலது ஸ்பீக்கருக்கும் மாறிமாறித் தள்ளுகிறது. ஹெட்போனில் கேட்க மயக்கும். இரண்டு பக்கமும் ஒன்றாகக் கலந்தாலோ ஒரு பக்கம் குறைவதும் மறுபக்கம் கூடுவதும் ஈடாகிவிட, அசைவே காணாமல் போகும். ஒற்றை ஸ்பீக்கர் கைப்பேசியிலும், வைகாசியில் கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவுக்குத் தெருவில் கட்டும் குழாய் ஸ்பீக்கரிலும் நடப்பது இதுதான். பாட்டு அங்கே ஒலிக்கப்போகிறதென்றால், இரண்டு பக்கமும் ஒருசேர ஏறி இறங்கும் மோனோ ட்ரெமொலோவைத்தான் போட வேண்டும்.